முழங்கால் வலிக்குக் கைரோபிராக்டிக்: எந்த முட்டியில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது?

#1 வைகைக்கரை

முழங்காலைப் பிடித்து ஒரு இழு, ஒரு சொடக்கு, உடனே ஆள் எழுந்து நடக்கிறார். இப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கைரோபிராக்டிக் (மூட்டுகளையும் முதுகெலும்பையும் கையால் தள்ளி, இழுத்துச் செய்யும் சிகிச்சை) போகலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் குழுவில் கைரோ, ஃபிசியோ, ஆர்த்தோ (எலும்பு மருத்துவர்) மூன்று தரப்பும் இருப்பதால் ஒரே இழையில் விரிவாகப் பேசிவிட்டால் எல்லாருக்கும் உதவும்.

பேச வசதியாக ஒரு மாதிரி நோயாளி: 58 வயதுப் பெண், எடை 74 கிலோ. வலது முழங்காலின் உட்பக்கம் வலி. காலையில் 10 நிமிடம் விறைப்பு. படி ஏறுவதைவிட இறங்கும்போது வலி அதிகம். தரையில் சம்மணம் போட முடியவில்லை. எக்ஸ்-ரேயில் தேய்மானம் கிரேடு 2 என்று எழுதியிருக்கிறது. கைரோ மையத்தில் 24 சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

இவருக்குக் கைரோ என்ன செய்யும்? எத்தனை சிட்டிங்கில் பலன் தெரியவேண்டும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன?

#2 கேஎல்_கைரோ

வைகைக்கரை ஐயா, முதலில் வீடியோவில் வரும் அந்தச் சத்தம். மூட்டின் இரண்டு பரப்புகள் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் இறங்கி, மூட்டுத் திரவத்தில் ஒரு வாயு இடைவெளி உண்டாகிறது. 2015-இல் விரல் மூட்டுகளை எம்ஆர்ஐயில் ஓடும் படமாக எடுத்தே இதைக் காட்டினார்கள். எலும்பு எங்கேயோ நகர்ந்திருந்து திரும்ப இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் அல்ல அது. சத்தம் வராமலும் சிகிச்சை பலிக்கும், சத்தம் வந்தும் ஒன்றும் நடக்காமல் போகும். முழங்காலில் பெரும்பாலான வேலை சத்தமே இல்லாதது.

முறையாகச் செய்தால் முதல் சிட்டிங்கில் பாதி நேரம் பரிசோதனைக்கே போய்விடும். நான் முதலில் பார்ப்பது கால் முழுசாக நீள்கிறதா என்பதைத்தான். மல்லாக்கப் படுக்கவைத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலை மெதுவாகக் கீழே அழுத்திப் பார்க்கவேண்டும். நல்ல காலில் முழங்காலின் பின்பக்கம் கட்டிலை நோக்கி இறங்கும், வலிக்கும் காலில் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். இன்னும் துல்லியமாகப் பார்க்க, குப்புறப் படுக்கவைத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் கட்டில் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி விட்டால் குதிகால்களின் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சம்மணம் போட முடியவில்லை என்பதுதான் எல்லாருக்கும் உறுத்தும். ஆனால் நீட்டலில் 5 டிகிரி குறைந்தாலே சேதம் அதிகம். கால் முழுசாக நீண்டால் முழங்கால் கடைசிக் கட்டத்தில் லேசாகத் திருகிப் பூட்டிக்கொள்ளும், நிற்பதற்குத் தொடைத் தசை அதிகம் உழைக்க வேண்டியதில்லை. அந்தப் பூட்டு விழாவிட்டால் நிற்கும் நேரம் முழுக்க முன்தொடைத் தசை இழுத்துக்கொண்டே இருக்கும், சில்லு (முட்டியின் முன்னால் உள்ள வட்ட எலும்பு) தொடை எலும்பின் மேல் அழுந்திக்கொண்டே இருக்கும். அடுப்படியில் அரைமணி நின்றாலே கடுக்கிறது என்பவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

கை சிகிச்சை என்று நாங்கள் செய்வது:

நீட்டல் குறைவுக்கு, முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பை முன்பக்கமாக நகர்த்துவோம். மடக்கல் குறைவுக்கு அதே எலும்பைப் பின்பக்கமாக. நொடிக்கு ஒன்றிரண்டு அசைவு என்ற தாளத்தில் 30 நொடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி 30 நொடி என்று 3 அல்லது 4 முறை. வலிதான் பிரதானம் என்றால் அசைவு சின்னதாக, மூட்டின் எல்லையைத் தொடாமல். விறைப்பு பிரதானம் என்றால் எல்லைவரை கொண்டுபோய் அழுத்தவேண்டும்.

சில்லை இரண்டு கட்டைவிரலால் பிடித்துக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் நகர்த்துவோம். கால் நீண்டு தொடை தளர்ந்திருந்தால்தான் சில்லு அசையும். நோயாளி தொடையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது தள்ளுவது வீண், வலிதான் மிஞ்சும்.

முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே ஃபிபுலாவின் (கணைக்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு) தலை ஒரு சின்ன முடிச்சு மாதிரி தட்டுப்படும். அங்கேயும் ஒரு மூட்டு இருக்கிறது. கணுக்கால் பிசகியவர்களுக்கு அது விறைத்திருந்தால் வேகமான சின்னத் தள்ளல் ஒன்று கொடுப்பதுண்டு. மிகக் கவனம் தேவைப்படும் இடம் இது. பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு நேர் அடியில் போகிறது. அழுத்தும்போது பாதத்தின் மேல்பக்கம் சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் உடனே சொல்லுங்கள். அவர் கையை எடுத்தே ஆகவேண்டும்.

நீங்கள் சொன்ன மாதிரி நோயாளிக்கு நான் 4 முதல் 6 சிட்டிங், வாரம் இரண்டு என்றுதான் சொல்வேன். அதற்குள் நீட்டலோ மடக்கலோ, படி இறங்கும் வலியோ அளந்து காட்டும்படி மாறவேண்டும்.

#3 ஆர்த்தோ_திருச்சி

கை வைப்பதற்கு முன்னால் எந்த முழங்காலில் வைக்கக் கூடாது என்று பார்ப்போம். இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

மூட்டு சூடாக, சிவந்து, வீங்கி, கூடவே காய்ச்சல்: மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி. ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதிக்கவேண்டும். ஓரிரு நாள் தாமதம்கூட குருத்தெலும்பை நிரந்தரமாக அழிக்கும்.

ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலி, சூடு: ரத்தக்கட்டியா என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்காமல் அமுக்கவோ நீவவோ கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

விழுந்த பிறகோ அடிபட்ட பிறகோ வலி: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் தொட்டால் வலி, ஃபிபுலா தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியவில்லை, நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை. இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுத்த பிறகுதான் மற்றது. அவசரப் பிரிவுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் ஒட்டாவா விதி இதுதான்.

முழங்கால் ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு நீளவே மாட்டேன் என்கிறது: கிழிந்த மெனிஸ்கஸ் (முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு) துண்டு இடையில் சிக்கியிருக்கலாம். இழுத்து நீட்டினால் கிழிசல் பெரிதாகும்.

ஓய்விலும் இரவிலும் விடாத வலி, காரணமில்லாமல் எடை குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவர்: சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. முழங்கால் வலி என்று வரும் எல்லாருக்கும் பிரச்சினை முழங்காலில் இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி தொடை வழியாக முட்டிக்கு இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் விலக்கிப் பாருங்கள். அப்போது தொடை இடுக்கில் வலித்தாலோ, ஒரு பக்கம் நகரவே மறுத்தாலோ இடுப்பைப் படம் எடுங்கள். வளரும் பிள்ளை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பைப் பார்க்காமல் விடவே கூடாது.

எக்ஸ்-ரே பற்றி. படுத்து எடுத்த படத்தை வைத்து இடைவெளி நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லமுடியாது. உடல் எடை மூட்டின் மேல் விழுந்தால்தான் இடைவெளி குறைந்தது தெரியும். "இரண்டு முழங்காலும், நின்ற நிலையில்" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கிரேடு 2 என்றால் எலும்பு முட்கள் உறுதியாகத் தெரிகின்றன, இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்று பொருள். அவ்வளவுதான். கிரேடும் வலியும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. கிரேடு 3-இல் கோவில் மலை ஏறுகிறவர்களும் உண்டு, கிரேடு 1-இல் தெரு முனைவரை நடக்க முடியாதவர்களும் உண்டு.

எம்ஆர்ஐ இன்னும் குழப்பும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 வயதைத் தாண்டிய 991 பேரின் முழங்காலை ஸ்கேன் செய்து 2008-இல் முடிவு வெளியானது. மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ எதுவும் இல்லை. ஸ்கேனில் கிழிசல் என்று வந்ததுமே ஆபரேஷனுக்கும் ஓடவேண்டாம், கைரோவுக்கும் ஓடவேண்டாம்.

#4 சேலம்_ஃபிசியோ

கேஎல்_கைரோ அண்ணா சொன்ன பரிசோதனையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கை சிகிச்சைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில்தான் மாறுபடுகிறேன்.

நியூசிலாந்தின் டுனெடினில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள 206 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: வழக்கமான கவனிப்பு மட்டும், அதோடு கை சிகிச்சை, அதோடு உடற்பயிற்சி, அதோடு இரண்டும். 2013-இல் ஒரு வருட முடிவு வந்தது. கை சிகிச்சைக் குழுவும் முன்னேறியது, உடற்பயிற்சிக் குழுவும் முன்னேறியது. இரண்டையும் சேர்த்த குழுவுக்குக் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. ஒரே சிட்டிங்குக்குள் இரண்டையும் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும் என்றுதான் இதை நான் படிக்கிறேன். 40 நிமிடத்தில் 30 நிமிடம் நீவி, இழுத்து, மெஷின் வைத்துவிட்டு, கடைசி 5 நிமிடம் காலைத் தூக்கச் சொல்கிற இடங்கள் எத்தனை!

அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. ஒரு குழுவுக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, இன்னொரு குழுவுக்குக் கை சிகிச்சையும் உடற்பயிற்சியும் சேர்ந்த ஃபிசியோ. 240-க்குக் கணக்கிடும் வலி, விறைப்பு, இயக்க அளவுகோலில் ஒரு வருடம் கழித்து ஊசிக் குழு 55.8, ஃபிசியோ குழு 37.0. குறைந்தால் நல்லது. இதில் முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் கொடுத்தது அதிகபட்சம் 8 சிட்டிங்தான். 24 இல்லை.

வழிகாட்டுதல்களும் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-இல், கை சிகிச்சையை யோசிக்கலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் என்றது. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி (மூட்டு, வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு) 2019-இல், உடற்பயிற்சியோடு கை சிகிச்சையைச் சேர்ப்பதைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு இரண்டிலும் இரு தரப்பும் ஒன்று.

இன்னொரு உண்மையும் சொல்லவேண்டும். நான் மேலே சொன்ன இரண்டு ஆய்விலும் கை வைத்தவர்கள் ஃபிசியோதெரபிஸ்ட்கள். அந்தப் பலனை அப்படியே கைரோவின் கணக்கில் எழுதமுடியாது.

#5 கேஎல்_கைரோ

சேலம் தம்பி சொன்னது நியாயம். முழங்காலைப் பொறுத்தவரை எங்கள் துறைக்கென்று தனியாக உள்ள ஆய்வுகள் குறைவு. முதுகுக்கு இருக்கும் அளவு இல்லை.

நான் கை சிகிச்சையைப் பார்க்கும் விதம் இது: அது வலியைக் கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கிறது, அசைவைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் திறந்த கோணத்தில் தசையை வேலை வாங்கினால் நிலைக்கும். வாங்காவிட்டால் நோயாளி வீட்டுக்குப் போவதற்குள் பழைய நிலை வந்துவிடும். எனவே நான் முதல் இரண்டு சிட்டிங்கில் கைக்கு 15 நிமிடம், மூன்றாவதிலிருந்து 5 நிமிடம், மீதி முழுக்கப் பயிற்சி என்று மாற்றிவிடுவேன்.

#6 மணற்காடு

முட்டி வலிக்குப் போனால் இடுப்பையும் முதுகையும் கழுத்தையும் சேர்த்து சொடக்கு எடுக்கிறார்களே, அதற்குக் காரணம் உண்டா? கழுத்தில் ஒய்-ஸ்ட்ராப் என்ற பட்டையை மாட்டி இழுக்கிறார்கள்.

#7 கேஎல்_கைரோ

முதுகுக்கு ஓரளவு காரணம் உண்டு. முன்தொடைத் தசைக்கு வரும் நரம்பு இடுப்புப் பகுதி முதுகெலும்பிலிருந்து, இரண்டு முதல் நான்காம் எண் வரையுள்ள வேர்களிலிருந்து வருகிறது. அங்கே அழுத்தம் இருந்தால் வலி முழங்காலின் முன்பக்கம் தெரியலாம், தசை சோரலாம். அப்படிப்பட்டவருக்கு முட்டித் தட்டலில் கால் உதறுவது குறைந்திருக்கும், முட்டியை எப்படி அமுக்கினாலும் அந்த வலி வராது. அவருக்கு முதுகைப் பார்ப்பது சரி. இடுப்பில் ஒரு தள்ளல் கொடுத்தால் தொடைத் தசையின் பலம் உடனே கொஞ்சம் கூடுகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 20 நிமிடத்தில் அந்தக் கூடுதல் மறைந்துவிடுகிறது.

கழுத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. வேகமாகத் திருப்பும் கழுத்துச் சொடக்கில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. முட்டி வலிக்குப் போனவர் அந்த ஆபத்தை ஏன் ஏற்கவேண்டும்? "கழுத்தைத் தொடவேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிக்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

#8 சேலம்_ஃபிசியோ

மாதிரி நோயாளிக்கு வீட்டுப் பயிற்சியை எழுதிவிடுகிறேன். கிரேடு 2, வீக்கம் இல்லை, டாக்டர் மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்ற கணக்கில்.

முதல் இரண்டு வாரம். கட்டிலில் காலை நீட்டி, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. முழங்காலின் பின்பக்கத்தால் கட்டிலை அழுத்தி 10 நொடி பிடிக்கணும். 10 முறை, காலை, மாலை. அழுத்தும்போது தொடையின் உட்பக்கம் சில்லுக்கு மேலே சதை திரள்வதைக் கையால் தொட்டுப் பாருங்கள். திரளவில்லை என்றால் பிட்டத்தை இறுக்கி ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்து, மற்றக் காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, வலிக்கும் காலை நீட்டியபடியே ஒரு அடி உயரம் தூக்கி 5 நொடி, 10 முறை. தூக்கும்போது முட்டி லேசாகக்கூட மடங்கக் கூடாது. மடங்கினால் முதல் பயிற்சிக்கே திரும்பிப் போங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலி. கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிய நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரணும், 8 முறை, மூன்று சுற்று. எழ 2 நொடி, உட்கார 4 நொடி. தொப்பென்று விழக்கூடாது, ஏனென்றால் படி இறங்கும்போது தேவைப்படுகிற பலம் அந்த மெதுவாக இறங்கும் பாதியில்தான் கிடைக்கிறது. முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு, வாரா வாரம் குறைக்கலாம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரப் பலகையில் ஏறி இறங்குதல். முட்டி உட்பக்கம் சரியாமல், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கணும். கண்ணாடி முன் செய்தால் தெரியும். சரிகிறது என்றால் பெரும்பாலும் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனம். பக்கவாட்டில் படுத்து மேல் காலைத் தூக்கும் பயிற்சியை 12 முறை, மூன்று சுற்று சேருங்கள். தூக்கும் கால் முன்னால் போகாமல் சற்றுப் பின்னால் இருக்கவேண்டும், அப்போதுதான் சரியான தசை உழைக்கும்.

இந்த நாற்காலி, பலகைப் பயிற்சிகள் வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு. மொத்தம் 12 வாரம். நான்கு வாரத்தில் விட்டுவிட்டு "பயிற்சி எனக்குக் கேட்கலை" என்று சொல்வது அவசரம். தசை உருவாவதற்கே 8 வாரம் போல ஆகும்.

#9 மணற்காடு

செய்யும்போது வலிக்கிறதே, நிறுத்துவதா தொடர்வதா?

#10 சேலம்_ஃபிசியோ

10-க்கு 5 வரை வலி ஏற்றுக்கொள்ளக்கூடியது. மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடவேண்டும். இறங்கவில்லை அல்லது முட்டி வீங்கியது என்றால் அளவு அதிகம். பயிற்சியை நிறுத்தாதீர்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கும், மூட்டுத் தேய்மானத்துக்கான கிளாட் பயிற்சித் திட்டத்திலும் இதே விதிதான்.

வீக்கம் பார்க்க: சில்லின் உட்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவி விட்டு, பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். உட்பக்கம் சின்ன அலை மாதிரி நிரம்பினால் உள்ளே நீர் இருக்கிறது. நீர் கோத்த முட்டியில் முன்தொடைத் தசை தானாகவே அடங்கிப் போகும், எவ்வளவு முயன்றாலும் முழுப் பலம் வராது. முதலில் நீரை இறக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் நடையைக் குறைத்து, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், நாளுக்கு மூன்று முறை.

அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: இதமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்து இரவு முழுக்கத் தூங்குவது. மாதக்கணக்கில் அப்படித் தூங்கினால் முட்டி மடங்கியே பழகி, கேஎல்_கைரோ அண்ணா சொன்ன அந்த 5 டிகிரி போய்விடும்.

#11 ஆர்த்தோ_திருச்சி

கை சிகிச்சையும் பயிற்சியும் நடக்கும்போது கூடவே செய்யவேண்டியவை.

டைக்ளோஃபெனாக் ஜெல். தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்கவேண்டும். ஆனால் பட்டாணி அளவு தடவிவிட்டு பலனில்லை என்கிறார்கள். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு முறை என்பது அமெரிக்காவில் மருந்துப் பெட்டியிலேயே அச்சிடப்படும் அளவு. 30 கிராம் டியூப் இரண்டு நாளைக்குக்கூடச் சரியாக வராது. அந்தச் செலவு கட்டாது என்றால் வலி கூடும் ஒரு வாரத்துக்கு மட்டும் முழு அளவு தடவுங்கள். மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுவதைவிட அது மேல். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

கைத்தடி. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். வலிக்கும் கால் முன்னால் போகும்போது தடியும் சேர்ந்து போகவேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

எடை. 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. மாதிரி நோயாளி 74 கிலோவிலிருந்து 67-க்கு வந்தால் அடிக்கு 28 கிலோ. எந்தக் கை வைத்தியமும் இதைக் கொடுக்கமுடியாது. 2013-இல் வந்த, 454 பேர் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் 18 மாதம் சேர்த்துச் செய்தவர்கள் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தார்கள், வலி ஏறக்குறைய பாதியானது.

நடைமுறை உதவி: கழிவறையை மேற்கத்திய மாதிரிக்கு மாற்றமுடியாத வீட்டில், இந்திய மாதிரியின் மேல் வைக்கும் இரும்பு ஸ்டூல் கிடைக்கிறது. சம்மணம் போட 130 டிகிரிக்கு மேல் மடங்கவேண்டும், நாற்காலியிலிருந்து எழ 90 முதல் 105 போதும். தரையில் உட்காருவதை வாழ்நாள் முழுக்கத் தடைசெய்ய நான் சொல்லமாட்டேன். வலி கூடியிருக்கும் வாரங்களில் தவிருங்கள், பிறகு முடிந்த அளவு திரும்புங்கள்.

#12 வைகைக்கரை

பேக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். யாரிடம் போவது, என்ன கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது?

#13 கேஎல்_கைரோ

மலேசியாவில் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் 2016, அதாவது சட்டம் 775, கைரோபிராக்டிக்கை ஒரு துறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1994 சட்டப்படி தனிக் கவுன்சில், அமெரிக்காவில் 50 மாநிலத்திலும் உரிமம். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று சட்டப் பதிவு இல்லை, அதனால் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வைத்த முழுநேரப் பயிற்சி அளவு 4,200 மணி நேரத்துக்குக் குறையாதது, அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது. இரண்டு நாள் பயிலரங்கச் சான்றிதழை இதோடு வைத்துப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டியது: இன்று எதை அளந்தீர்கள்? எத்தனையாவது சிட்டிங்கில் மறுபடி அளப்பீர்கள்? மாறாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? அளவு என்று சொல்ல முடியாதவர் 24 சிட்டிங் எதை வைத்துச் சொல்கிறார்?

வீட்டிலேயே ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். 30 நொடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழமுடிகிறது என்று முதல் நாள் எண்ணி, தேதியோடு எழுதுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஆறு சிட்டிங் முடிந்தும் எண்ணிக்கை, கோணம், படி வலி மூன்றும் அப்படியே என்றால் ஏழாவது வேண்டாம். முன்பணத்தை ஒரேயடியாகக் கட்டாமல் சிட்டிங்குக்குச் சிட்டிங் கொடுப்பதாகச் சொல்லுங்கள்.

"தேய்ந்த எலும்பை வளர்க்கிறேன்", "இடைவெளியைத் திறக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது இடைவெளி திறக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். குருத்தெலும்பு இழுப்பதால் முளைக்காது.

#14 மணற்காடு

சிக்குன்குனியா வந்து நான்கு மாதமாகியும் இரண்டு முட்டியும் கணுக்காலும் வலி. இதற்குக் கைரோ போகலாமா?

#15 ஆர்த்தோ_திருச்சி

வேண்டாம். இது அழற்சி, மூட்டின் உள்ளுறை வீங்கியிருக்கிறது. தேய்மானத்தில் விறைப்பு பொதுவாக அரைமணிக்குள் விட்டுவிடும். அழற்சியில் காலையில் ஒருமணி நேரம்கூட நீடிக்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து வரும், கைவிரல்களும் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் வேகமாகத் தள்ளினாலோ எல்லைவரை இழுத்தாலோ வீக்கம் கூடும். மூன்று மாதத்தைத் தாண்டியும் தொடர்கிறது என்றால் ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள், முடக்குவாதமாக மாறியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை தேவை. வலியில்லாத அளவுக்கு மடக்கி நீட்டுவதும், காலையில் வெந்நீர் ஒத்தடமும் போதும். யூரிக் அமிலத்தால் வரும் திடீர் முட்டி வீக்கத்துக்கும் இதேதான், கை வைக்கக் கூடாது.

#16 வைகைக்கரை

கடைசியாக ஒன்று டாக்டர். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு மடக்கம் வராமல் போனால் கைரோவிடம் போகலாமா?

#17 ஆர்த்தோ_திருச்சி

செயற்கை மூட்டில் வேகத் தள்ளல் எதுவும் கூடாது. சில்லை நகர்த்துவது, தழும்பைச் சுற்றி நீவுவது போன்றவற்றை ஆபரேஷன் செய்தவரின் சம்மதத்தோடு, காயம் முழுசாக ஆறிய பிறகு ஃபிசியோ செய்யலாம். ஆறு வாரம் தாண்டியும் 90 டிகிரி மடங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல் ஆபரேஷன் செய்தவரிடம் திரும்பப் போங்கள். மயக்க மருந்து கொடுத்து, ஒட்டிக்கொண்ட திசுக்கள் விடும்படி அவரே மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு. அது பொதுவாக முதல் 12 வாரத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும்.